பேச்சித்தாய்க்கு வருகை போட்ட கதை

கோணம்பட்டி நடுநிலைப் பள்ளியில் அன்று இருந்தவர்கள் நால்வர்: தலைமையாசிரியர் குருவையா, கணக்கு டீச்சர் அற்புதமணி, தமிழாசிரியர் நல்லபெருமாள், எட்டாம் வகுப்புப் பேச்சித்தாய். முதல் மூவரும் பட்டதாரிகள். ஆகவே புத்தியை நான்காமவளிடம்தான் தேட வேண்டும்.

கொரோனாக் காலம். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. ஆசிரியர்கள் மட்டும் வந்துபோனார்கள். மேலிடத்துச் சுற்றறிக்கையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவதில் இம்மூவரை மிஞ்ச ஆளில்லை. 'கருவிகளைக் கிருமிநீக்கம் செய்க' என்று ஒன்று வந்ததும், குருவையா தம் கைபேசியைக் கிருமிநாசினி வாளியில் ஊறப்போட்டார். கிருமி செத்ததோ என்னவோ, கைபேசி செத்தது. ஆணை நிறைவேறிய திருப்தி அவருக்கு.

அடுத்தது வந்தது: 'பாடம் கைபேசி வழியே மட்டும். திரையில் முகம் தெரிந்தால் மட்டுமே வருகை.'

பேச்சித்தாய் வீட்டில் கைபேசி கிடையாது. மறுநாள் உதவித்தொகைத் தேர்வு. வட்டக்கோணப் பகுதியின் பரப்பளவு மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அதைக் கேட்டுப் போகலாமென்று முகக்கவசம் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

குருவையா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேச்சித்தாய் ஏன் வரவில்லை என்று டீச்சரிடம் விசாரித்தார்.

"வந்திருக்கா சார், ஆனா வரலை."

"இங்கனதான சார் நிக்கேன்" என்றாள் பேச்சித்தாய்.

"நிக்கிறது வேற, வருகை வேற தாயி. திரையில நிக்கியா?" என்றார் குருவையா.

மூவரும் கூடி ஆலோசித்தார்கள். நல்லபெருமாள் தம் கைபேசியை அவளிடம் கொடுத்து எதிர்ப் பெஞ்சில் உட்காரவைத்தார். முகம் தெரிய வேண்டும். கவசத்தையோ கழற்றக் கூடாது. ஆகவே கவசத்தின்மேல் சாக்பீஸால் மூக்கும், சிரித்த வாயும் வரைந்தார்.

டீச்சர் தம் கைபேசியில் அவளை அழைத்துப் பேசத் தொடங்கியதும், ஒரே அறையிலிருந்த இரண்டு கைபேசிகளும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிட்டன. ஓட்டுக்கடியிலிருந்த புறாக்கள் பறந்தோடின.

"நீங்க பேசாம பாடம் நடத்துங்க டீச்சர்" என்று தீர்ப்பளித்தார் குருவையா.

டீச்சர் உதட்டை மட்டும் அசைத்தார். அவர் முதுகுக்குப் பின்னே கரும்பலகையில் கணக்கு முழுவதும் எழுதியிருந்தது. பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள். நல்லபெருமாள் துண்டை விரித்துப் பலகையை மறைத்தார்.

"பலகையைப் பார்த்தா நேரடி வகுப்பாயிரும் பிள்ளே."

பேச்சித்தாய் மூவரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். இவர்களிடம் கேட்க ஒன்றுமில்லை. கைபேசியோடு எழுந்து மைதானத்தில் இறங்கி நடந்தாள். தூரம் கூடியதும் ஊளை நின்றது. கைக்குள்ளிருந்து குருவையாவின் குரல் தெளிவாக எழுந்தது:

"போயிட்டாளா? அப்போ வந்துட்டா. வருகை போடுங்க டீச்சர்."

"சார், என் போனு..." என்று இழுத்தார் நல்லபெருமாள்.

"சத்தம் போடாதீங்கய்யா, வகுப்பு நடக்குது."

டீச்சர் வாய்திறந்து பரப்பளவை விளக்கத் தொடங்கினார். சாக்பீஸ் வாய் சிரித்தபடியிருக்க, பேச்சித்தாய் பாடத்தைக் கேட்டபடியே பள்ளிக் கேட்டைத் தாண்டிப் போனாள்.