இருபத்தொரு பெயரை அடித்த கீரி

ஒரு காட்டில் வருஷா வருஷம் பள்ளிக்கூடங்களுக்குள் கால்பந்துப் போட்டி நடக்கும். ஐந்நூறு பேர் படிக்கும் சமவெளிப் பள்ளியும், பத்தொன்பதே பேர் படிக்கும் பாறைமேட்டுப் பள்ளியும் ஒரே கோப்பைக்குத்தான் மோத வேண்டும். பாறைமேட்டுப் பிள்ளைகள் பாதி ஆட்டத்திலேயே புதருக்குள் ஓடிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, குழந்தைகளே. எதிரே பந்தோடு ஒரு காட்டெருமை வந்தால் நீங்களும் ஓடத்தான் செய்வீர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஆற்றங்கரைப் பள்ளி. அறுபத்தொரு பேர் படித்தார்கள். தலைமையாசிரியர் ஒரு கீரி. எதற்கும் ஒரு குறுக்கு வழி இருக்கும் என்று நம்புகிற கீரி. மூன்று வருஷமாக அதன் அணி இறுதிப் போட்டிக்குப் போய், சமவெளிப் பள்ளியிடம் ஒரே ஒரு கோலில் தோற்று வந்தது.

பெற்றோர் சங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த வருஷமும் கோப்பை வரலைன்னா, உங்க நாற்காலியில கழுதையை உட்கார வைப்போம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கீரிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காட்டின் விளையாட்டு அதிகாரியான யானை புது அறிவிப்போடு வந்தது.

"இனிமே ரெண்டு பிரிவு. நாற்பது பேர் வரைக்கும் படிச்சா சிறு பள்ளிப் பிரிவு. அதுக்கு மேல போனா பெரிய பள்ளிப் பிரிவு. பிரிவுக்கொரு கோப்பை. வர்ற பௌர்ணமி அன்னைக்குப் பதிவேட்டுல எத்தனை பேர் இருக்காங்களோ, அதுதான் கணக்கு."

பாறைமேட்டுப் பள்ளியின் முயல் டீச்சர் சந்தோஷத்தில் அழுதேவிட்டது. கீரி அழவில்லை. கணக்குப் போட்டது. அறுபத்தொன்றில் நாற்பது போக இருபத்தொன்று. இருபத்தொரு பேரைக் கழித்தால் சமவெளிக் காட்டெருமைகளின் தொல்லையே இல்லை! சின்னப் பள்ளிகளை ஊதித் தள்ளிவிட்டுக் கோப்பையைத் தூக்கி வந்துவிடலாம்.

உடனே விளையாட்டு ஆசிரியரான அணிலைக் கூப்பிட்டது.

"மாஸ்டர், கோல் நோட்டை எடுங்க."

அந்த நோட்டில் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்பது மட்டும்தான் இருக்கும். வேறு எதையும் எழுதி வைக்கும் வழக்கம் கீரிக்கு இல்லை.

"கரடி எத்தனை கோல்?"

"கரடி கோல்கீப்பர் சார். அவன் எப்படி கோல் போடுவான்?"

"ஆக, பூஜ்யம். மூணு இறுதிப் போட்டியிலயும் கோல் அவனைத் தாண்டித்தானே போச்சு? பெயரை அடிங்க."

"தாண்டிப் போனது மூணு சார். அவன் தடுத்தது..."

"நோட்டுல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நடக்கல. அடுத்து முள்ளம்பன்றி?"

"பூஜ்யம். ஆனா அவன் முள்ளை விரிச்சு நின்னா, பந்து வெடிச்சிடும்னு ஒருத்தனும் கிட்ட வர மாட்டான் சார்."

"அடிங்க. ஆமை?"

அணில் பெருமூச்சு விட்டு அடித்தது. இருபத்தொரு பேர் கையிலும் மாற்றுச் சான்றிதழைத் திணித்து, மதிய மணி அடிப்பதற்குள் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பாவம், பிள்ளைகள் எங்கே போவார்கள்? பக்கத்தில் இருந்த ஒரே பள்ளி பாறைமேட்டுப் பள்ளிதான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேடேறி வந்தவர்களை முயல் டீச்சர் ஒவ்வொருவராக எண்ணியது.

"பத்தொன்பதும் இருபத்தொண்ணும்... சரியா நாற்பது! உள்ள வாங்க கண்ணுங்களா."

பௌர்ணமி அன்று யானை பதிவேடுகளைப் பார்த்தது. "என்ன கீரியாரே, திடீர்னு இருபத்தொரு பேர் குறைஞ்சிருக்கு? ஏதாவது நோயா?"

"பிள்ளைங்களுக்குப் படிப்புல ஆர்வமே போச்சுங்கய்யா" என்று கீரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. விதி விதிதான் என்று யானையும் முத்திரை குத்திவிட்டது.

போட்டி தொடங்கியது. ஆற்றங்கரைப் பள்ளி முதல் ஆட்டத்தில் பத்துக்கு ஏழு என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் பதினொன்றுக்கு ஒன்பது. கீரி பத்தையும் பதினொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டது. ஏழையும் ஒன்பதையும் எழுதவில்லை.

இறுதிப் போட்டியில் எதிரே வந்து நின்றது பாறைமேட்டுப் பள்ளி. கீரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம கழிச்சுப் போட்டதையெல்லாம் பொறுக்கிக்கிட்டு வந்திருக்காங்க, பாருங்க மாஸ்டர்!"

அணில் சிரிக்கவில்லை. "சார், நம்ம பக்கம் கோல் கம்பத்துக்குக் கீழே யார் நிக்கறது?"

கீரி குரங்கைப் பார்த்தது. குரங்குக்கு வந்ததே கோபம்! "போன வருஷம் பதினாலு கோல் போட்டவன் நான். கம்பத்தைக் காவல் காக்கவா வந்தேன்?"

மானைக் கேட்டால் மான் முறைத்தது. மீதிப் பேரும் அப்படியே. நோட்டில் பெயர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் பார்த்திருந்தார்களே! ஊதல் ஊதியதும் பதினொரு பேரும் முன்னால் பாய்ந்தார்கள்.

பந்தோடு முதலில் ஓடியது குரங்கு. முள்ளம்பன்றி சிலிர்த்து நின்றது. "ஐயோ, வெடிச்சிடும்!" என்று குரங்கு பந்தை விட்டுவிட்டுக் கையைத் தூக்கியது. மான் எட்டி உதைத்தது. பந்து ஆமையின் ஓட்டில் பட்டுத் திரும்பி வந்தது. மறுபடி உதைத்ததில் அதையும் தாண்டிப் போய்க் கரடியின் மடியில் விழுந்தது.

கரடி பந்தைத் தூக்கி அடித்தது. அது மைதானத்தின் மறுபாதியில் போய் விழுந்தது. அங்கே ஈ காக்கைகூட இல்லை. பாறைமேட்டு எலி ஒன்று, ஆயுசில் ஒரு கோல்கூடப் போடாத எலி, தன்னைவிடப் பெரிய பந்தை மெல்ல உருட்டிக்கொண்டு போனது. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியது. மறுபடி உருட்டியது. கோல்!

"பின்னால ஓடுங்கடா!" என்று கீரி தொண்டை கிழியக் கத்தியது.

"நீ போ" என்றது குரங்கு. "நீ போ" என்றது மான். அதற்குள் எலி அடுத்த கோலை உருட்ட ஆரம்பித்திருந்தது.

கடைசியில் நாலுக்குப் பூஜ்யம். கோப்பை பாறைமேட்டுக்குப் போனது. முயல் டீச்சர் இரண்டாம் முறையாக அழுதது.

கீரி வெட்கத்தை விட்டுக் கரடியிடம் போனது. "திரும்பி வந்துடுப்பா. தினமும் தேன் வாங்கித் தர்றேன். நீ இல்லைன்னா என் நாற்காலி போயிடும்."

"வேண்டாம் சார். என் பெயரை அடிச்சு அனுப்பினப்ப ரொம்ப வலிச்சுது" என்றது கரடி. "இங்க வந்த அன்னைக்கு டீச்சர் கேட்ட முதல் கேள்வியே, உனக்கு என்ன செய்ய வரும்னுதான். மூணு வருஷத்துல நீங்க அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

மறுநாள் கீரியின் நாற்காலியில் கழுதை உட்கார்ந்தது. பெற்றோருக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

நீதி: ஜெயித்துக் கொடுப்பவரை மட்டும் எண்ணிக்கொண்டு, தோற்காமல் காப்பவரைத் துரத்துகிறவருக்கு வெற்றியும் மிஞ்சாது, காவலும் மிஞ்சாது.