கோலெத்தின் முதுகில் எட்டாவது மூட்டை

அந்தக் காலத்தில், கழுதையும் நாயும் மனிதனோடு வாய்விட்டுப் பேசிய நாட்களில், பிரெஞ்சுக் கடற்கரை ஒன்றில் பஸ்தியேன் என்ற உப்பு வியாபாரி இருந்தான். உப்பளத்திலிருந்து படகுத்துறைக்கு மூட்டை சுமந்தவள் கோலெத் என்ற கழுதை.

அளவுக்கு மிஞ்சியதை அந்த ஊரில் ‘த்ரோ’ என்பார்கள். பஸ்தியேனின் அப்பா காலத்தில் யாராவது அதைச் சொன்னால், தூக்கிய மூட்டை அந்தரத்தில் நிற்கும். அப்படியொரு மரியாதை. குட்டிக் கோலெத்தைச் சந்தையில் பார்த்த அன்று, வாலிபன் பஸ்தியேன் மனம் பொங்கி, “த்ரோ அழகு!” என்றான். சந்தையே சிரித்தது. பிறகு சந்தையே அப்படிப் பேசத் தொடங்கியது. புல் த்ரோ ருசி, வெயில் த்ரோ இதம். அவனும் கோலெத்தும் அப்படிப் பேசிக்கொண்டே முப்பது வருடம் நடந்தார்கள்.

ஒரு நாள் அக்கரை இங்கிலாந்திலிருந்து உப்பு ஏற்றப் படகு வந்தது. அக்கரைக்காரர்கள் வாயைச் சிக்கனமாகத் திறப்பவர்கள். படகு மூழ்கினாலும் ‘சற்று ஈரமாக இருக்கிறது’ என்பார்கள். அவர்களோடு பார்னபி என்ற கிழட்டு நாயும் வந்திருந்தது.

கடல் உள்வாங்குவதற்குள் சரக்கை ஏற்ற வேண்டும். வழக்கமான ஆறு மூட்டைக்கு மேல் பஸ்தியேன் ஏழாவதையும் வைத்துக் கட்டினான்.

“த்ரோ” என்றாள் கோலெத்.

“காலையில் கேரட்டுக்கும் அதையேதானே சொன்னாய், மகளே!” சிரித்தபடி எட்டாவதைத் தூக்கினான்.

“த்ரோ, பஸ்தியேன். நிஜமாகவே.”

“நேற்று மேகத்தைப் பார்த்தும் நிஜமாகவே என்றாய்.”

அவளுடைய முன்னங்கால்கள் மடங்கின. படகில் படுத்திருந்த பார்னபி எழுந்து, குரலை உயர்த்தாமல் சொன்னது: “டூ மச்.”

படகுத் தலைவன் தொப்பியைக் கழற்றினான். “எல்லை தாண்டிவிட்டது என்கிறான். இதை இவன் சொல்லி ஒன்பது வருடம் ஆகிறது.”

அப்பா காலத்துக்குப் பிறகு முதல் முறையாக, பஸ்தியேனின் கையில் மூட்டை அந்தரத்தில் நின்றது. அதை எறிந்துவிட்டுக் கயிறுகளை அறுத்தான். மூட்டைகள் தண்ணீரில் சரிந்து உப்பு கரைந்தது. படகு காத்திருக்கவில்லை, பாய் விரித்தது. அவன் கோலெத்தின் தலையை மடியில் எடுத்துக்கொண்டான்.

“அந்தச் சொல்லைக் கெடுத்தவன் நான்தானே?”

“நீதான்” என்றாள், மூச்சு வாங்க. “ஆனால் அன்று நீ அதைச் சொல்லாவிட்டால், நான் உன் பின்னால் வந்திருக்க மாட்டேன்.”

தான் செய்தது தவறா, இல்லையா? அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. விலகும் படகைப் பார்த்துக் கத்தினான்: “பார்னபி! உன் சொல்லைத் தருவாயா?”

“வைத்துக்கொள். புல்லுக்கெல்லாம் செலவழிக்காதே.”

அன்று முதல்தான் பிரெஞ்சுக்காரர்கள், வீட்டில் சொந்தச் சொல் இருந்தும், ஏதாவது எல்லை மீறும்போது அக்கரைச் சொல்லை வாங்கி ‘டூ மச்’ என்கிறார்கள். ‘த்ரோ’வை மனம் பொங்கும் நேரங்களுக்கு விட்டுவிட்டார்கள்.