வேகம் போன இடம்

ஒரு காலத்தில், ஒரே காருக்குள் நான்கு பேர் குடியிருந்தார்கள்: இஞ்சின், மோட்டார், பேட்டரி, பிரேக். பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் நடுத்தர அளவுக் கார் அது; இன்னும் விற்பனைக்கு வரவில்லை. லிட்டருக்கு இருபத்துநான்கு கிலோமீட்டர் ஓடிக் காட்டினால் வரும். இல்லையென்றால் பிரித்துப் போட்டுவிடுவார்கள். சோதனைக்கு மிச்சமிருந்தது அன்று ஒரு நாள்தான்.

காலை ஓட்டத்தில் இருபத்தொன்றுதான் வந்தது.

"நான் ஒரு சொட்டுகூட வீணாக்கலை" என்றது இஞ்சின்.

"அப்ப நான் தின்னுட்டேனா?" என்றது பேட்டரி. "பட்டினி கிடக்கேன். மோட்டார் எதுவும் கொண்டுவந்து தரலை."

"கிடைச்சாத்தானே தர?" என்றது மோட்டார். "கார் வேகம் குறையும்போது சக்கரம் என்னைச் சுத்தணும். அப்பதான் மின்சாரம். நான் கை நீட்டுறதுக்குள்ள வேகம் காணாமப் போயிடுது."

இஞ்சின் யோசித்தது. பிறந்ததிலிருந்து அது வேகத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. கார் நின்றபின் அந்த வேகம் என்ன ஆகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"எங்கே போகுது?" என்று கேட்டது.

பிரேக் மட்டும் தன் கைச் சூட்டை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தது.

வெளியே, பொறியாளர் வளர்மங்கை முன்சக்கரத்தருகே குனிந்து கையை நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"அருளப்பண்ணே, இதுல தோசை சுடலாம். எப்படி நிறுத்துறீங்க?"

"நிக்க வேண்டிய கோடு வந்ததும் ஒரே மிதிதான்" என்றார் ஓட்டுநர் அருளப்பன். பல வருடம் பிரேக் சோதனைக்கே வண்டி ஓட்டியவர். "ஒருநாளும் கோட்டைத் தாண்டினதில்லம்மா."

"இது பிரேக் சோதனை இல்லண்ணே. தூரத்திலேயே லேசா மிதிங்க, மோட்டார் வேகத்தை வாங்கிக்கும். ஓங்கி மிதிச்சா பிரேக் பிடிச்சு அத்தனையும் சூடாப் போயிடும்."

"நிக்காமப் போனா?"

"நிக்கும். கொஞ்சம் நம்புங்க."

உள்ளே மூன்று பேரும் பிரேக்கைப் பார்த்தார்கள்.

"நிறுத்துறதுதான் என் வேலைன்னு இருந்தேன்" என்றது பிரேக். "கையில சூடு வரும். அது உங்க வேகம்னு யாரும் சொல்லலையே."

பிற்பகல் ஓட்டம் தொடங்கியது. தொலைவில் வெள்ளைக் கோடு தெரிந்ததுமே அருளப்பனின் கால் மெல்ல இறங்கியது. இஞ்சின் அணைந்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பிடிச்சிடவா?" என்றது பிரேக்.

"இரு" என்றது மோட்டார்.

"கோடு கிட்ட வந்துடுச்சு."

"இருன்னா இரேன்."

"வருது, வருது" என்று முணுமுணுத்தது பேட்டரி, பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல.

கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் மோட்டார் சொன்னது: "இப்ப."

பிரேக் பிடித்தது. கார் நின்றது.

மறுபடி புறப்பட்டபோது இஞ்சின் இன்னும் எழவில்லை. கார் சத்தமில்லாமல் நகர்ந்தது.

"யார் இழுக்கிறது?" என்றது இஞ்சின்.

"நான்தான்" என்றது மோட்டார். "ஆனா நீ முன்னாடி கொடுத்து, பேட்டரி சேத்து வெச்ச வேகத்துல."

போய்விட்டது என்று நினைத்த ஒன்று தன்னைச் சுமந்துபோவதை இஞ்சின் வெகுநேரம் கவனித்துக்கொண்டிருந்தது.

மாலையில் வளர்மங்கை கணக்கை இரண்டு முறை பார்த்தாள். இருபத்துநான்கும் கொஞ்சமும். அருளப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானும் ஒருமுறை பார்த்தார். இனி காரைப் பிரிக்க மாட்டார்கள்.

காருக்குள் மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் புகழ்ந்து ஓய்ந்தபின் இஞ்சின் பிரேக்கிடம் கேட்டது: "எங்க எல்லாரையும்விட நீதான் களைச்சுப்போயிருக்கே. அப்படி என்ன வேலை பாத்தே?"

"கடைசி ஒரு முழம் வரைக்கும் சும்மா இருந்தேன்" என்றது பிரேக்.