ஒன்பது மணிக்கு ஒரு மிஸ்டு கால்

எட்டு நாடுகளில் பதினேழு கம்பெனிகளைப் பார்த்துவிட்டு, பதினெட்டாவதாகச் சூலூருக்கு வந்தாள் ஹுமைரா. வந்து பன்னிரண்டு நாளாகியும் களைப்பு இறங்கவில்லை.

அவள் ஹெராத்துக்காரி. ஆப்கானிஸ்தானின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது அந்த ஊர். கல்லூரிப் படிப்பு கோயம்புத்தூரில் என்பதால் தமிழ் பேசுவாள். படித்து முடித்து ஊருக்குப் போய் ஒரு மென்பொருள் கம்பெனி தொடங்கினாள். வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். பிறகு ஒரு நாள், பெண்கள் ஆபீசுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவள் ஆபீசைப் பூட்டினாள், கம்பெனியைப் பூட்டவில்லை. முப்பத்தொரு பெண்கள் முப்பத்தொரு வீடுகளுக்குள் இருந்தபடி வேலை செய்தார்கள். வேலை பிடித்துக் கொடுக்க ஹுமைரா வெளிநாடுகளில் அலைந்தாள். அலைந்த இடத்திலெல்லாம், சிதறிக் கிடக்கிற ஆட்களை வைத்துக் கம்பெனி நடத்துவது எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். மூன்று நோட்டுகள் நிறைந்தன.

இப்போது இருபத்திரண்டு பேர்தான் இருந்தார்கள்.

தமயந்தியின் பட்டறையில் பதினாறு பேர். எட்டு வருடத்தில் ஒருவர்கூட வேலையை விட்டுப் போனதில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கிணற்று மோட்டாரைப் போனிலேயே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்கிற பட்டறை அது. மொபைல் ஸ்டார்ட்டர் என்பார்கள்.

"என் ஆட்கள் ஒவ்வொருத்தியாகப் போகிறார்கள் உஸ்தாத். நீங்கள் என்ன முறை வைத்திருக்கிறீர்கள்?" என்று வந்த அன்றே கேட்டாள் ஹுமைரா. உஸ்தாத் என்றால் அவர்கள் பேச்சில் ஆசான்.

தமயந்தி அவளைவிட ஏழு வயது சின்னவள். "அப்படிக் கூப்பிடாதீங்க அக்கா, பட்டறையில சிரிக்கறாங்க," என்றாள். "உட்காருங்க."

பன்னிரண்டு நாளாக அதுதான் பதில். ஹுமைரா உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் ஒயர் வைத்துப் பற்றவைப்பதைப் பார்த்தாள். நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்தாள். ஹெராத்தில் அப்போது எட்டு. திரையில் இருபத்தொரு கறுப்புக் கட்டங்கள். முகம் கிடையாது, குரல் மட்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன் என்று ஒவ்வொருத்தியும் இரண்டு வரி சொன்னாள். வடக்கே ஒரு குளிர் நாட்டுக் கம்பெனியில் பார்த்துக் கொண்டுவந்த வழக்கம் அது.

பக்கத்தில் கிடந்த போன் ஒரு தடவை அடித்து நின்றது. ஹுமைரா பார்க்காமலே அதைக் கவிழ்த்து வைத்தாள்.

கூட்டம் முடிந்ததும் தமயந்தி கேட்டாள். "இருபத்திரண்டுன்னு சொன்னீங்க, இருபத்தொண்ணுதான் இருக்குது?"

"மர்ஸியா வரவில்லை. ஏழு நாளாக."

"ஏனுங்க?"

"தெரியாது. அவள் போன் அணைந்திருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து கூட்டத்துக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டும். அதுதான் விதி. மர்ஸியா என்பதால் ஏழு நாள் விட்டேன். என்னோடு முதல் நாளிலிருந்து இருப்பவள். இன்று மாலை ஆறு மணிக்கு, வேலை கொடுக்கிற கம்பெனிக்கு ஆள் பட்டியல் அனுப்ப வேண்டும்."

"கூட இருக்கறவங்களைக் கேட்டுப் பார்த்தீங்களா?"

"ஒருத்தி வீடு இன்னொருத்திக்குத் தெரியாது உஸ்தாத். தெரியாமல்தான் வைத்திருக்கிறேன். ஒருத்தி மாட்டினால் மற்றவர்களாவது தப்பிக்கட்டும் என்று."

"இதுக்கு முன்னாடி ஒன்பது பேரு போனது?"

"இதே விதியில்தான்." ஹுமைராவின் குரல் ஏறியது. "ஏன், விதி தப்பா? மர்ஸியா இடத்துக்கு நாற்பது பெண்கள் காத்திருக்கிறார்கள். அவர்களும் வீட்டுக்குள்தான் கிடக்கிறார்கள். வராதவளுக்காக வரத் தயாராக இருப்பவளைக் காக்க வைப்பது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்!"

நல்ல வாதம்தான். பெண்களை வீட்டோடு அடைத்தவர்களிடம் ஒருவரும் காரணம் கேட்கவில்லை. கூட்டத்துக்கு வராத பெண்தான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் நல்ல வாதம்தான்.

தமயந்தி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்குது. வாங்க, போயிட்டு வந்துரலாம்."

"காலையில போன் அடிச்சுதே, அது யாருங்க?" என்று ஸ்கூட்டரில் போகும்போது தமயந்தி கேட்டாள்.

"ஊரிலிருந்து யாராவது. வெளியே இருக்கிற ஒவ்வொரு ஆப்கானி போனும் இப்படித்தான் அடிக்கும். பேச அவர்களிடம் காசு இருக்காது. நாம்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் விசா வேண்டும், வேலை வேண்டும், மகனை எப்படியாவது வெளியே கொண்டுபோக வேண்டும் என்பார்கள். என்னால் முடியாது என்று சொல்ல வேண்டும். ஒரு வருடம் சொன்னேன். வாய் ஓய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை."

சுல்தான்பேட்டை ரோட்டில் வெயில் கண்ணைக் கூசவைத்தது.

தென்னந்தோப்பில் நாச்சிமுத்து காத்திருந்தார். அறுபது வயது. தலையில் துண்டு.

"வாங்க அம்மிணி. இவங்க யாரு?"

"ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்திருக்காங்கண்ணா. நம்ம பெட்டியைப் பத்திக் கத்துக்க."

"அவ்வளவு தூரத்துல இருந்தா? இந்தப் பெட்டிக்கா?" அவர் சிரித்தார். "அங்க என்னங் விளையுது?"

"குங்குமப்பூ," என்றாள் ஹுமைரா.

"அப்ப வசதியான ஊருதான்."



"சொல்லுங்கண்ணா, மோட்டார் ஓட மாட்டேங்குதா?" என்றாள் தமயந்தி.

"ஓடுதே!"

"அப்புறம்?"

"ஓடுது. ஓடுதுன்னு எனக்குச் சொல்ல மாட்டேங்குது. வூட்டுல இருந்து ஒரு மிஸ்டு கால் உடறேன். முன்னெல்லாம் மோட்டார் ஓடுன உடனே இந்தப் பெட்டி எனக்கு ஒரு தடவ திருப்பி அடிச்சு வெச்சிரும். சரி, தண்ணி பாயுதுன்னு நானும் சோத்துல கை வெப்பேன். நாலு நாளா அது அடிக்கறதில்ல. நானும் ரெண்டு மைல் நடந்து வந்து பார்க்கறேன். வந்து பார்த்தா ஓடிட்டுத்தான் இருக்குது."

ஹுமைராவுக்குப் பொறுமை போய்விட்டது. மாலைக்குள் முடிவெடுக்க வேண்டிய ஒரு பெயர் அவளுக்கு இருந்தது. "ஓடுகிறது அல்லவா? வேலை நடக்கிறது. பிறகு எதற்கு நடக்கிறீர்கள் ஐயா?"

நாச்சிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, அந்தப் பக்கம் கேட்டுச்சா இல்லையான்னே தெரியாம நீங்க எத்தன நாளைக்கு வூட்டுல உக்காந்திருப்பீங்க?"

தமயந்தி பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த சிம் கார்டை எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டாள். ஆண்டெனா ஒயரை அழுத்திவிட்டாள். "இப்ப உடுங்கண்ணா."

அவர் போனை எடுத்து ஒரே ஒரு எண்ணை அமுக்கி, ஒரு ரிங் போனதும் வைத்தார். பெட்டிக்குள் டக்கென்று சத்தம். மோட்டார் உறுமியது. குழாய் வாயில் முதலில் காற்று, பிறகு தண்ணீர். அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன் ஒரு தடவை அடித்து நின்றது.

"ஆங்," என்றார் நாச்சிமுத்து.

"முதல்ல நாங்க ஆப் செஞ்சோம்ங்க அக்கா," என்றாள் தமயந்தி, திருகாணியை முடுக்கியபடி. "எட்டு பட்டன். கலர் கலரா. காலேஜ்ல பரிசெல்லாம் கொடுத்தாங்க. இவருதான் கேட்டாரு, பேசாமலே, காசு போகாம ஓடாதான்னு."

"இதைக் கற்கவா பன்னிரண்டு நாள் என்னை உட்கார வைத்தீர்கள்?" என்றாள் ஹுமைரா. கோபத்துக்குக்கூடத் தெம்பில்லாத குரல்.

"உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க அக்கா."

கொடுத்தாள். தமயந்தி எடுக்காத அழைப்புகளின் பட்டியலைத் திறந்தாள். மேலே இருந்து கீழே விரலால் தள்ளினாள். பிறகு போனைத் திருப்பிக் காட்டினாள்.

"இது யாரு நம்பரு?"

"ஹெராத் நம்பர். யாரென்று தெரியவில்லை."

"இன்னைக்கு ஒன்பது மணி. நேத்து ஒன்பது மணி. அதுக்கு முந்தின நாள் ஒன்பது ஒண்ணு. அதுக்கு முன்னாடி எட்டு அம்பத்தொன்பது. மொத்தம் ஏழு நாள்." அவள் நிறுத்தினாள். "ஒன்பது மணிக்கு உங்களுக்கு என்னங்க அக்கா?"

ஹுமைரா போனை வாங்கிப் பார்த்தாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காலைக் கூட்டம்," என்றாள்.

ஏழு தேதிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். "மர்ஸியாவின் லேப்டாப்பை வீட்டில் பிடுங்கியிருப்பார்கள். போனையும். இது பக்கத்து வீட்டுக்காரியுடையதோ, மாமியாருடையதோ. யாருக்கும் தெரியாமல் எடுத்து அடித்திருக்கிறாள். ஏழு நாளும் அவள் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள் உஸ்தாத்."

ஹுமைரா அவசரமாக எழுந்தாள். விரல் அந்த எண்ணின் மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. "கூப்பிட முடியாது. இப்போது போன் யார் கையில் இருக்கிறதோ. ஒரு ஆண் எடுத்தால்? யார் இது, எங்கிருந்து என்று கேட்டால்? அவளைக் கொன்றே போடுவார்கள். நான் எப்படிப் பதில் சொல்வது?"

தமயந்தி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் தன் போனைத் துண்டில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

அன்று மாலை ஆறு மணிக்குப் போன பட்டியலில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன.

மறுநாள் எட்டு ஐம்பதுக்கே ஹுமைரா லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். போன் கையில் இருந்தது. எதிரே தமயந்தி ஒரு புதுப் பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

ஒன்பது மணிக்குப் போன் ஒரு தடவை அடித்து நின்றது.

அந்தப் போன் இன்னும் மர்ஸியா கையில்தான் இருக்கும். இந்த ஒரு நிமிஷம் மட்டும். ஹுமைரா அமுக்கினாள். அந்தப் பக்கம் ஒரு ரிங் போனது. வைத்துவிட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒருத்தி நேற்று முடித்த வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன் மறுபடி ஒரு தடவை அடித்து நின்றது. ஏழு நாளில் ஒரு நாள்கூட அது இரண்டாம் தடவை அடித்ததில்லை.

ஹுமைரா வருகைப் பட்டியலில் மர்ஸியா பெயருக்கு நேரே குறித்தாள். கூட்டம் முடிந்தது. லேப்டாப்பை மூடினாள். போனை மட்டும் கீழே வைக்கவில்லை. பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனாள். போன வாரம், போன மாதம், அதற்கு முந்தைய மாதம். எடுக்காத அழைப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

"உஸ்தாத்."

"சொல்லுங்க அக்கா."

"மார்ச்சில் வேறொரு நம்பர் இருக்கிறது. அதுவும் ஒன்பது மணிக்குத்தான்."

"ம்."

"பதினொரு நாள் அடித்திருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை."

பட்டறையில் யாரோ ஈயம் பற்றவைக்கிற வாசனை வந்தது. பெயரை எடுத்துவிட்ட அந்த ஒன்பது பேரில் அடித்தவள் யாராக இருப்பாள் என்று ஹுமைரா யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"ஒருத்தி எத்தனை நாள்தான் அடித்துப் பார்ப்பாள் உஸ்தாத்?"

தமயந்தி கடைசித் திருகாணியை முடுக்கினாள்.

"பதினொரு நாளுங்க அக்கா."