எரரே காட்டாத புரோகிராம்

“கண்டுபிடிக்கவே முடியலீங்க அம்மணி,” என்றான் சீடன்.

குரு நிமிர்ந்து பார்க்கவில்லை.

“காலையில இருந்து ஓட்டி ஓட்டிப் பாத்துட்டனுங்க. ஒரு தடவை கூட இங்க தப்பு வரலீங்க. ஆனா அங்க வந்திருக்குதுங்களே!”

சீடன் பெயர் குழந்தைவேலு. கோபிச்செட்டிபாளையத்துக்காரன், வயது நாற்பத்து நாலு. குருவின் பெயர் பெனிட்டா. ஊர் பாளையங்கோட்டை, வயது முப்பத்தொன்று. ஞானக் கதை வழக்கப்படி குருவுக்கு மரியாதை உண்டு, சீடனுக்குக் கிடையாது. வயது தலைகீழாய் இருக்கிறதே என்று கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவர்களுடைய கம்பெனி. ஆஸ்பத்திரி, லேப், மருந்துக்கடை என்று அங்கங்கே மேசைக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்களை எழுதிக் கொடுப்பது தொழில். யாருடைய புரோகிராமாவது சண்டித்தனம் செய்தால் பெனிட்டாவிடம்தான் போவார்கள். அவர் பதில் சொல்வது அபூர்வம். ஏதாவது செய்து வைப்பார். அந்தக் கம்பெனியில் அவரிடம் பட்டவர்கள் நிறையப் பேர்.

“எங்க வந்திருக்கு?”

“ரத்த வங்கியிலங்க.”

குரு கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்குக் குழந்தைவேலுதான் புரோகிராம் எழுதியிருந்தான். ஒவ்வொரு பை ரத்தத்தையும் ஒரு மிஷின் சோதிக்கும். என்ன குரூப் என்று கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். புரோகிராம் அதை வாங்கி லேபிளாக அச்சடிக்கும். லேபிளைப் பையில் ஒட்டி ஃபிரிட்ஜில் வைப்பார்கள்.

காலையில் அங்கிருந்து டெக்னீஷியன் சுகந்தி போன் செய்திருந்தார்.

“ஏனுங்ணா, சாப்டீங்களா? அவசரமெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. நேத்து ஒரு பையில லேபிள் மட்டும் குரூப் மாறி வந்துருச்சுங்ணா. நானே பாத்து மாத்தி ஒட்டிட்டேன். நேரம் கெடைக்கறப்ப என்னன்னு பாருங்ணா.”

கொங்கு நாட்டில் வீடு பற்றி எரிந்தாலும் இப்படித்தான் சொல்வார்கள். ‘ஏனுங்க, உங்க கூரை மேல லேசா வெளிச்சமாத் தெரியுதுங்க, சாப்பிட்டு முடிச்சுப்போட்டு ஒரு எட்டு பாருங்க.’

குழந்தைவேலுவும் அந்த மண்ணில் பிறந்தவன்தான். அதனால் அவனுக்கு உடனே புரிந்தது. கையிலிருந்த இட்லி கையிலேயே இருந்தது.

ஏ என்று ஒட்டிய பைக்குள் பி இருந்தால், அது ஏறும் ஆள் பிழைப்பது கஷ்டம். வழக்கமாக நோயாளியின் ரத்தத்தோடு சேர்த்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பையை வெளியே விடுவார்கள். உயிர் போகிற அவசரம் என்றால் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. லேபிளை நம்பி எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

“தப்பு வந்தப்போ புரோகிராம் என்ன சொல்லிச்சு?” என்று கேட்டார் குரு.

“ஒண்ணுமே சொல்லலீங்க.”

“எரர்?”

“என்ர புரோகிராம்ல எரரே வராதுங்க அம்மணி.”

அந்த நேரத்திலும் இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவனை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சோற்றில் கல் கடிபட்டால் விழுங்கிவிட்டு, ‘சாப்பாடு பிரமாதமுங்க’ என்பான். கல்யாண மண்டபத்தில் செருப்பு தொலைந்தால் வெறுங்காலோடு சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்வான். யார் மனமும் நோகக் கூடாது. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. நல்ல மனுஷன் என்று பேர் எடுத்தவன்.

“உங்க எடத்துக்கு வாங்க, பாப்போம்,” என்றார் குரு.

சீடன் தன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். குரு சுவரோரம் கிடந்த இரும்பு நாற்காலியைத் தூக்கி வந்து அவன் பக்கத்தில் போட்டார்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவது அந்தக் கம்பெனி வழக்கம். நாற்காலியின் கால், சீடனின் கால் கட்டைவிரல் மேல் இறங்கியது.

குரு உட்கார்ந்தார்.

சீடன் மூச்சை உள்ளே இழுத்தான். அதை வெளியே விடவில்லை.

“இந்த எடத்துலதான மிஷின்ல இருந்து ரிசல்ட்டை வாங்குதீங்க?”

“ஆமாங்க.” குரல் கீச்சென்று வந்தது.

“கேபிள் லூசா இருந்தா?”

“இருக்காதுங்க.”

“இருந்தா?”

சீடனால் யோசிக்க முடியவில்லை. நெற்றி வேர்த்தது. குரு திரையையே பார்த்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சீடனுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

“வேற ஏதும் சொல்லணுமாண்ணே?”

“இல்லீங்க.”

“நல்லா இருக்கீங்கல்லா?”

“நல்லா இருக்கனுங்க.”

குரு எழுந்து நாற்காலியை நகர்த்தினார். கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

“வலிச்சுதா?”

“லேசாங்க.”

“எப்பருந்து?”

“நீங்க உக்காந்ததுல இருந்துங்க.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க வேலையா இருந்தீங்க. நடுவுல எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்னுதான்...”

குரு திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

குழந்தைவேலு எழுதிய வரிகள்தான். மிஷினிடம் ரிசல்ட் வாங்கும்போது ஏதாவது பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கும் இடம் அது. அங்கே ஓர் அடைப்புக்குறி திறந்திருந்தது. அடுத்த வரியில் மூடியிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

பிழை வந்தால் ஒன்றும் செய்யாதே. யாரிடமும் சொல்லாதே. உன் பாட்டுக்கு மேலே போ.

சீடன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கேபிளைப் புடுங்குங்க,” என்றார் குரு.

சோதித்துப் பார்ப்பதற்கென்று அவன் மேசையிலும் அதே மாதிரி ஒரு மிஷின் இருந்தது; நிஜ ரத்தம் இல்லாமலேயே பொய்ப் பைகளுக்கு ரிசல்ட் சொல்லும். முதல் பைக்கு ஏ என்று ரிசல்ட் வந்தது. லேபிளும் ஏ என்றே வந்தது. இரண்டாவது பை பி. அதன் ரிசல்ட் வருவதற்குள் சீடன் கேபிளைப் பிடுங்கினான்.

ரிசல்ட் வரவில்லை. புரோகிராம் நிற்கவும் இல்லை. கையில் என்ன இருந்ததோ அதை அச்சடித்தது. கையில் இருந்தது முந்தின பையின் குரூப்.

பிரிண்டரிலிருந்து லேபிள் சுத்தமாக வந்து விழுந்தது. ஏ.

“அட சாமி,” என்றான் சீடன்.

“இந்த மாதிரி எத்தனை எடத்துல எழுதி வச்சிருக்கீங்க?”

“எல்லா எடத்துலயுமுங்க.”

குரு அவனைப் பார்த்தார்.

“ஆரம்பத்துல எரர் வந்தா பெட்டி மாதிரி ஒண்ணு ஸ்கிரீன்ல வருமுங்க. டுங்குனு சத்தம் வேற. அங்க இருக்கறவங்க பயந்துக்குவாங்க. நம்ம முதலாளிக்குப் போன் போயிரும். அதானுங்க, எதுக்கு வம்புன்னு...”

அவன் சொல்லி முடிக்கவில்லை. திரும்பிக்கொண்டு வேலையில் இறங்கினான். நல்ல வேலைக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. ரிசல்ட் வரவில்லையென்றால் புரோகிராம் அப்படியே நிற்க வேண்டும், லேபிள் அச்சாகக் கூடாது, திரையில் சிவப்பாக எழுத்து வர வேண்டும். எழுதினான். கேபிளைப் பிடுங்கினான். டுங் என்றது. மறுபடி பிடுங்கினான். மறுபடி டுங். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் அழிக்கவில்லை.

“முடிஞ்சுதுங்க அம்மணி.” நெஞ்சிலிருந்து பெரிய மூச்சு ஒன்று வந்தது. “இப்பவே அப்டேட் அனுப்பிச்சிட்டா, இனி வர்ற லேபிளெல்லாம் சரியா வந்துருமுங்க. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டியதில்லீங்க.”

“ஒட்டின லேபிளு?” என்றார் குரு.

சீடனின் கை மவுஸ் மேலேயே நின்றது.

ஃபிரிட்ஜ். அது நிறையப் பைகள். கேபிள் எப்போதிலிருந்து லூசாக இருக்கிறதோ! சுகந்தி கண்ணில் பட்டது ஒன்று. படாதது எத்தனை என்று யாருக்குத் தெரியும்? புரோகிராமுக்கும் தெரியாது. அதன் வாயைத்தான் அவன் கட்டி வைத்திருந்தானே.

அவன் போனை எடுத்தான். கீழே வைத்தான். இந்தப் போன் போனால் கம்பெனி பேர் போகும். முதலாளி முகத்தில் விழிக்க முடியாது. வேலை நிச்சயமாகப் போகும். இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் விட, ரத்த வங்கிக்காரர்கள் தன்னை என்ன நினைப்பார்கள் என்பதுதான் பெரிய பயம்.

மெல்லச் சொல்லிப் பழகிப் பார்த்தான்.

“டாக்டருங்களா... வணக்கமுங்க... ஒண்ணுமில்லீங்க, லேபிள்ல ஒரு சின்ன சந்தேகமுங்க... நேரம் கெடைச்சா ஒரு தடவை சரி பாத்துக்கிட்டீங்கன்னா...”

பின்னால் இரும்பு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

சீடன் காலை மடக்கிக்கொண்டான். எண்ணை அழுத்தினான்.

ரத்த வங்கிக்குத் தலைவர் டாக்டர் மெஹருன்னிசா. அவரே எடுத்தார். பின்னால் யாரோ ஓடினார்கள், ஏதோ தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

“சொல்லுங்க குழந்தைவேலு. சீக்கிரம் சொல்லுங்க. ஆக்சிடெண்ட் கேஸ் ஒண்ணு வந்திருக்கு.”

‘அப்படீங்களா, வேலையா இருக்கீங்க போல, அப்பறமாக் கூப்பிடறனுங்க.’ அவன் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்த வார்த்தைகள். நாக்கு நுனிக்கே வந்துவிட்டன. அவன் குருவைப் பார்த்தான். குரு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். எந்த உதவியும் கிடைக்காது என்று தெரிந்தது.

“குழந்தைவேலு? லைன்ல இருக்கீங்களா?”

“பையை வெளிய விடாதீங்க!”

கத்திவிட்டான். கீழே பேக்கரி வரைக்கும் கேட்டிருக்கும்.

“என்ன?”

“ஒரு பையையும் வெளிய விடாதீங்க டாக்டர். லேபிள் தப்பு. ரிசல்ட் வராமயே அடிச்சிருக்கு. எதை நம்பறதுன்னு எனக்கே தெரியாது. என்னோட தப்பு.”

போன் மேசை மேல் விழும் சத்தம். பிறகு டாக்டரின் குரல் தூரத்தில், இதுவரை அவன் கேட்டிராத குரலில்.

“இப்ப எடுத்துட்டுப் போனது யாரு? நிறுத்துங்க! லிஃப்ட்ல போயிட்டாரா? படியில ஓடுங்க, யாராவது ஓடுங்க!”

அப்புறம் காலடிச் சத்தங்கள். ஒரு கதவு. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

சீடன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். எங்கோ படியில் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். எந்த மாடியோ தெரியவில்லை. அடிபட்டுக் கிடப்பவர் ஆணா பெண்ணா, என்ன வயது, எதுவும் தெரியவில்லை. மாரியம்மனை வேண்டிக்கொண்டான். என்ன வேண்டுவது என்று தெரியாமல் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

குரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் உதடும் ஏதோ முணுமுணுப்பதைச் சீடன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

மறுமுனையில் யாரோ போனை எடுத்தார்கள். மூச்சு வாங்கியது.

“பை திரும்பி வந்துடுச்சு,” என்றார் டாக்டர்.

“டாக்டர்...”

“இருங்க. பேசாதீங்க. சுகந்தி கையால டெஸ்ட் பண்ணிட்டிருக்கா.”

சீடன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

“லேபிள்ல ஏ,” என்றார் டாக்டர். “உள்ள இருக்கறது பி.”

சீடன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அந்தப் பேஷண்ட்டுங்க?”

“வேற பை ஒண்ணைக் கையால டெஸ்ட் பண்ணிக் குடுத்தனுப்பியாச்சு. இப்ப ஏறிட்டிருக்கு. பொழைச்சுக்குவார்.”

அதற்கப்புறம்தான் டாக்டர் ஆரம்பித்தார்.

“உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? ரிசல்ட் வராம ஒரு புரோகிராம் எப்படிய்யா லேபிள் அடிக்கும்? இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா நான் ஒரு மனுஷனைக் கொன்னிருப்பேன், தெரியுமா? என் கையெழுத்துல!”

“ஆமாங்க.”

“இது ஒண்ணு மட்டுமில்ல. போன மாசம் பூரா சேவ் பட்டனை அமுக்கினா ஸ்கிரீன் வெள்ளையாப் போச்சு. தேதி தப்பா வந்துச்சு. ஒரு தடவை நாலு பை கணக்குலயே காணோம். நல்ல மனுஷனாச்சே, எதுக்கு அவர் மனசைக் கஷ்டப்படுத்தணும்னு நாங்க எல்லாரும் வாயை மூடிட்டு இருந்தோம்!”

கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் துடைக்கவில்லை.

“சொல்லுங்க டாக்டர்,” என்றான். “ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”