நுரை பூசிய பலூன்

"அம்மா, தியானத்துல உக்காந்தா மனசு நிக்க மாட்டேங்குது. சவரம் பண்ணும்போது மட்டும் நிக்குது. இது என்ன கூத்து?"

மாசிலாமணி இப்படிக் கேட்டபோது நல்லம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

நல்லம்மைக்கு நாற்பத்தாறு வயது. முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் நாலு அறை கட்டிக்கொண்டு, வருகிறவர்களோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார். அப்படி உட்காரவே ஆட்கள் வந்தார்கள்.

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. ரிட்டயரான சர்வேயர். மூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல் வருகிறார்.

"எப்படி நிக்குது?" என்று கேட்டார் நல்லம்மை.

"என்னோடது பழைய சவரச் செட்டும்மா. அடியைத் திருகினா தலை ரெண்டு கதவாத் தொறக்கும். பிளேடும் பழசுதான். ஒரு கடையை மூடும்போது மிச்சத்தை மொத்தமா வாங்கிட்டேன். நாப்பது வருசத்துச் சரக்கு. மெழுகுத்தாளைப் பிரிச்சா நேத்து செஞ்ச மாதிரி மின்னும். சிலதுல துருப்பொட்டு இருக்கும், வெளிச்சத்துல காட்டிப் பாத்துத்தான் போடணும். கொஞ்சம் நினைப்பு அங்க இங்க போச்சோ, ரத்தம்தான். அதனால போறதில்ல."

"செட்டு யாரு வாங்கினது?"



"அண்ணன். எனக்கு மீசை அரும்பினப்போ மொதச் சம்பளத்துல வாங்கிக் குடுத்தார். எப்படிப் புடிக்கணும்னு காட்டினதும் அவர்தான்."

"எப்படி இருக்கார்?"

"பக்கவாதமாம். ஆறு மாசமாப் படுக்கையாம். வலது பக்கம் விளங்கலையாம். பேச்சும் குழறுதாம்."

நல்லம்மை கீரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எல்லாம் 'ஆம்', 'ஆம்'னு முடியுதே."

"பாத்து எட்டு வருசமாச்சும்மா. சொந்த ஊர்ல அப்பா வீட்டைப் பிரிக்கும்போது ஒரு சுவத்தால வந்த சண்டை. ஊர் நெலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவன், எங்க சுவத்தையும் நான்தான் அளந்தேன். 'உன் சங்கிலியும் பொய், நீயும் பொய்'னுட்டார். நாலு பேர் முன்னால."

நல்லம்மை கீரை உருவி முடித்து, காம்புகளை அள்ளி ஆட்டுக்குப் போட்டார்.

"நாளைக்கு வரும்போது செட்டைக் கொண்டு வாங்க."

மறுநாள் நல்லம்மை ஒரு சிவப்புப் பலூனை ஊதிக் கட்டி மாசிலாமணியின் கையில் கொடுத்தார். பிரஷ்ஷால் அதன்மேல் கெட்டியாக நுரை பூசினார்.

"இதுக்குச் சவரம் பண்ணுங்க."

மாசிலாமணி பிளேடை வைத்தார். பலூன் வெடித்தது. அவருடைய கண்ணாடியிலும் தலையிலும் நல்லம்மையின் மூக்கிலும் நுரை.

நல்லம்மை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு பாக்கெட் பலூனை எடுத்து நீட்டினார்.

"பழகிட்டு வாங்க."

அன்று வீட்டில் ஒன்பது பலூன் வெடித்தது. மறுநாள் பதினொன்று. என்ன ஆயிற்றோ என்று பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாசிலாமணிக்கு ரோஷம் வந்தது. நாற்பது வருடத்துக்கும் மேலாகச் சொன்னபடி கேட்ட கை, ஒரு பலூனிடம் தோற்கிறதே.

நாலாம் நாள்தான் பிடிபட்டது. தன் முகமென்றால் அதுவே உதவி செய்கிறது. இழுக்கிற இடத்தில் தோல் தானாக இறுகுகிறது, வலிக்கப் போகுமுன்பே கையை நிறுத்துகிறது. பலூன் எதையும் சொல்வதில்லை. வெடித்த பிறகுதான் தெரிகிறது. அதனால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே வளைகிறது, எங்கே இடது கை தாங்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் காலை, ஒரு துளி நுரை மிச்சமில்லாத நீலப் பலூனோடு அவர் மலையடிவாரத்துக்கு வந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தார்.

"அம்மா, எனக்குப் புரிஞ்சிருச்சு."

"சொல்லுங்க."

"பலூன்தான் உடம்பு. உள்ள இருக்கிற காத்து உயிர். பிளேடு காலம். காலம் உடம்பு மேல உரசிக்கிட்டே போகுது. நுரைங்கறது நாம பூசிக்கிற ஆணவம்..."

நல்லம்மை சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து மாசிலாமணி பார்த்ததில்லை.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க ஐயா. ஆஸ்பத்திரியில எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அடுத்தவங்க முகத்துல பிளேடு வைக்கிறதுக்கு முன்னால."

மாசிலாமணியின் முகம் வாடிவிட்டது.

"நான் யாரு முகத்துல வைக்கப் போறேன்?"

"உங்க அண்ணனுக்கு இப்ப யார் சவரம் பண்ணி விடறாங்க?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். 'ஆம்' போட்டுச் சொல்லக்கூட அவரிடம் ஒன்றுமில்லை.

அன்று அவர் தியானத்துக்கு உட்காரவில்லை. வீட்டுக்குப் போய்ச் செட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தது மதினி. ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்க தம்பி," என்றாள்.

அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். தாடி மேடும் பள்ளமுமாக இருந்தது.

"யாரையும் கிட்ட விடமாட்டேங்கிறாரு," என்றாள் மதினி தணிந்த குரலில். "எனக்குத் தெரிஞ்ச மாதிரி கத்தரிச்சு விடறேன்."

தம்பியைக் கண்டதும் அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாசிலாமணி பையைத் திறந்து ஒரு புதுப் பிளேடை எடுத்தார். மெழுகுத்தாளைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். ஓரத்தில் ஒரு பொட்டு. அதை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொன்றைப் பிரித்தார். அது சுத்தமாக இருந்தது. செட்டில் போட்டு, தன் கன்னத்தில் நுரை தடவி முதலில் அங்கே ஓட்டிப் பார்த்தார். இழுக்கவில்லை.

அந்தச் சரசரப்பு கேட்டோ என்னவோ, சுவர்ப்பக்கம் இருந்த முகம் மெல்லத் திரும்பியது. அண்ணனின் கண் செட்டின் மேல் நின்றது. அங்கிருந்து மேலே, தம்பியின் கைக்கு வந்தது.

மாசிலாமணி தாடியைக் கத்தரியால் ஒட்ட நறுக்கினார். வெந்நீர்த் துணியால் ஒற்றி, நுரை பூசினார். இடது கன்னம் எளிதாகப் போயிற்று. வலது கன்னம் தொங்கிக் கிடந்தது. விரலால் தோலைத் தாங்கித் தாங்கி, அரையங்குலம் அரையங்குலமாகப் போனார். அண்ணன் ஒரு கணமும் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மிச்சம் கழுத்துதான்.

அங்கே மாசிலாமணியின் கை நின்றுவிட்டது.

"அண்ணே," என்றார்.

எட்டு வருடத்தில் முதல் சொல் அதுதான்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மெல்ல முகவாயைத் தூக்கி, கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தார்.