ஆடும் நாளுக்கு மட்டும் படி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் இன்றைக்கும் நாலு ஊர்க்காரர்கள் 'அது எங்கள் ஊர்தான்' என்று சண்டைக்கு வருவார்கள். ஆகையால் பெயர் வேண்டாம். அதை ஆண்ட செங்கதிர்வர்மன் கெட்ட ராஜா இல்லை. ஒரே ஒரு குறைதான். கடைசியாக அவன் காதில் யார் பேசினார்களோ அவர்கள் பேச்சுத்தான் அன்றைக்குச் சட்டம்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் ராஜா மேல்மாடத்தில் நின்று ஊரை வேடிக்கை பார்த்தான். கூத்தர் தெரு கண்ணில் பட்டது. முழவு வாசிக்கும் சேந்தன் வேப்பமர நிழலில் கால்நீட்டிப் படுத்திருந்தான். கூத்துக் குழுவின் தலைவி உலகம்மை சுவரில் சாய்ந்துகொண்டு, காற்றில் விரலை அசைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று ராஜா கேட்டான்.

பக்கத்தில் களஞ்சிய அதிகாரி மழவராயர் நின்றார். இந்தக் கேள்விக்காகவே பல நாள் காத்திருந்தவர் அவர். "தாங்கள் படியளக்கும் நெல்லைச் செரித்துக்கொண்டிருக்கிறார்கள், மகாராஜா. திருவிழாவுக்கு ஐந்து நாள், விருந்தாளி வந்தால் இரண்டு நாள், அவ்வளவுதான் ஆட்டம். படி மட்டும் ஆண்டு முழுக்க."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே ஓலை எழுதப்பட்டது. 'இனிக் கலைஞர்களுக்கு ஆடும் நாளுக்கு மட்டும் படி. மற்ற நாளில் அரண்மனையைச் சேர்ந்த எவரும் அவர்களுக்கு ஒரு மணி நெல்லும் கொடுக்கலாகாது.'

சபையில் கீரந்தை என்ற விகடகவி இருந்தான். சிரிக்க வைத்தே ராஜாவுக்கு அடுத்த ஆசனத்தைப் பிடித்தவன். முன்பு அந்த ஆசனம் மழவராயருடையது. ஓலை வாசிக்கப்பட்டபோது கீரந்தை பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"மகாராஜா, நம் பட்டத்து யானை ஊர்வலம் வருவதும் ஆண்டுக்கு ஐந்து நாள்தான். மற்ற நாளில் அதையும் பட்டினி போட்டுப் பார்ப்போமா?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. மழவராயர் எழுந்து கைகூப்பினார்.

"மகாராஜா, கீரந்தையார் கலையைக் கரைத்துக் குடித்தவர். இன்னும் மூன்று மாதத்தில் வடகரை அரசர் விருந்தாக வருகிறார். ஆற்றுநீர் உடன்படிக்கை அவர் முகம் மலர்வதைப் பொறுத்தது. அவரோ பெரிய கூத்துப் பிரியர். அன்றைய கூத்தைக் கீரந்தையார் பொறுப்பில் விடுவோம். புதிய ஆணையை ஒரு மணி நெல்லளவும் மீறாமல் அவர் நடத்திக் காட்டட்டும். கெட்டுப்போனால்…"

"கெட்டுப்போனால் அவன் தலை" என்றான் ராஜா. விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எழுத்தன் அதையும் ஓலையில் எழுதிவிட்டான். முத்திரை விழுந்தது.

கீரந்தை சிரித்த முகத்தோடு வணங்கிவிட்டு வெளியே வந்தான். அரண்மனை வாசல் தாண்டிய பிறகுதான் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் கூத்தர் தெருவுக்குப் போனான். உலகம்மை அவனை வா என்று கூடச் சொல்லவில்லை.

"உன் வாயை ஆரு ஐயா தெறக்கச் சொன்னது? எங்க சோத்துல மண்ணு விழுந்தது போதாதுன்னு உன் கழுத்தையும் கொண்டுபோய் நீட்டிட்டு வந்து நிக்கிறே!"

"அம்மா, மூன்று மாதம் எப்படியாவது தாக்குப்பிடித்தால்…"

"எப்படியாவதுன்னா எப்படி? கல்லைத் தின்னா? நேத்து நான் செவுத்துல சாஞ்சு புது ஆட்டத்துக்கு அடவு கோத்துக்கிட்டு இருந்தேன். அது சும்மா உக்காந்திருக்கிறதாம்! சேந்தன் விடியக்கால எந்திரிச்சு ஆறு நாழிகை முழவு வாசிச்சுச் சாதகம் பண்ணிட்டு அப்பத்தான் முதுகைச் சாச்சான். உங்க ராசா கண்ணுக்கு அது மட்டும் தெரிஞ்சுதா?"

கீரந்தை தன் வீட்டு நெல்லைக் கொடுக்கலாமா என்று யோசித்தான். ஆனால் அவனும் அரண்மனையைச் சேர்ந்தவன். மழவராயரின் ஆட்கள் தெருமுனையில் நின்று அவன் மடியைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். ஒரு முறை மனைவி நாச்சி கொழுக்கட்டை கொடுத்து அனுப்பினாள். அதையும் பிடுங்கி அவன் கண்முன்னாலேயே தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள்.

முதல் மாதத்தில் கூத்தர் தெருவில் மூன்று வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாம் மாதத்தில் ஏழு. ஒருத்தர் உப்பளத்துக்கு, ஒருத்தர் செங்கல் சூளைக்கு. சிலர் விடிவதற்கு முன் பரிசல் ஏறி ஆற்றின் அக்கரைக்குப் போய்விட்டார்கள். யார் எங்கே போனார்கள் என்று அடுத்த வீட்டுக்காரரும் சொல்லவில்லை. சொன்னால் தாங்கள் போகும் வழி அடைபட்டுவிடும் என்ற பயம்.

கீரந்தை ராஜாவைத் தனியாகப் பார்க்க மூன்று தடவை போனான். முதல் தடவை வேட்டை. இரண்டாம் தடவை ராஜாவுக்குப் பல்வலி. மூன்றாம் தடவை ராஜா காதில் மழவராயர் பேசிக்கொண்டிருந்தார். கீரந்தை அப்படியே திரும்பிவிட்டான். வீட்டில் சோறு உள்ளே இறங்கவில்லை. அந்த நாள்களில் சபையில் அவன் சொன்ன விகடத்துக்கெல்லாம் ராஜா மட்டும் சிரித்தான், அதுவும் மரியாதைக்கு. விகடகவிக்கு அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது.

விருந்துக்கு இருபது நாள் இருக்கையில் கீரந்தை கோட்டைச்சுவர் வேலை நடக்கும் இடத்தில் சேந்தனைப் பார்த்தான். சேந்தன் காசுக் கூலிக்குக் கல் சுமந்துகொண்டிருந்தான். உள்ளங்கை இரண்டும் வெடித்து, விரல்கள் கட்டை கட்டையாக வீங்கியிருந்தன.

"முழவு எங்கே, சேந்தா?"

"வித்துட்டேன் சாமி. ஒரு உப்பு வணிகன் வாங்கிட்டுப் போனான். பெரிய மகளுக்குக் காய்ச்சல், கஞ்சிக்கு வேணுமில்ல?" சேந்தன் கல்லை இறக்கி வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் அதன்மேல் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தான். தாளம் தப்பியது. அவன் முகம் மாறியது. கீரந்தையைப் பார்க்காமல் சொன்னான்: "நான் நாளைக்கு அக்கரைக்குப் போறேன். எம்மேல கோவிச்சுக்காதீங்க."

போகாதே என்று சொல்லக் கீரந்தை வாயைத் திறந்தான். எந்த நியாயத்தில் சொல்வது? "போய் வா" என்றான். ஆற்றங்கரை வரைக்கும் கூடவே நடந்து வழியனுப்பினான்.

திரும்பும்போது அவனுக்கு ஒன்று உறைத்தது. விருந்தன்று ராஜா களஞ்சியத்தையே திறந்துவிட்டாலும் சேந்தனின் விரல் அன்றைக்கே திரும்பி வராது. தன்னிடம் கொடுத்திருந்த ஓலையைப் பிரித்து எழுத்தெழுத்தாக மறுபடி படித்தான். 'ஆடும் நாளுக்கு மட்டும் படி.' நேற்றைய வேலைக்கு ராஜா படி கொடுக்கவில்லை. அப்படியானால் நேற்றைய வேலை ராஜாவுடையதும் இல்லை.

நேராக உலகம்மையிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவள் கேட்டாள்:

"ராசா கத்தியை உருவுனா?"

"ஓலையில் என் தலை மட்டும்தான் இருக்கிறது."

"கோவத்துல வீசுற கத்திக்குப் படிக்கத் தெரியுமா ஐயா?" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி. பட்டினியால போறதுக்கு இது தேவலை. மிச்சம் இருக்கிற ஒம்பது பேரையும் கூட்டிட்டு வாரேன்" என்றாள்.

விருந்து நாள் வந்தது. காலையில் முறைப்படி அன்றைய படி அளக்கப்பட்டது. மழவராயரே நின்று தலைதட்டி அளந்தார். பிற்பகலில் அரங்கம் நிறைந்தது. வடகரை அரசர் நரைத்த மீசைக்காரர். ஆவலோடு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பரிவாரம் பின்னால் உட்கார்ந்திருந்தது. செங்கதிர்வர்மன் பெருமையோடு கையை உயர்த்தினான். திரை விலகியது.

அரங்கின் நடுவே முழுப் பலாமரம் ஒன்று வெட்டிக் கிடந்தது. அதன் ஒரு முனையில் இரண்டு பேர் சாவகாசமாக ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் எருமைக்கன்று அசைபோட்டபடி நின்றது. ஓரத்தில் மூங்கில் புதர் ஒன்று வேரோடு. இன்னோர் ஓரத்தில் உலை கொதித்தது. அதன் முன்னால் உலகம்மை உட்கார்ந்து, எதிரே நின்ற ஐந்தாறு பேருக்கு, "வலது காலைத் தூக்கு. அது எடது" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

செங்கதிர்வர்மன் உயர்த்திய கையைச் சட்டென்று இறக்கினான்.

"கீரந்தை! கூத்து எங்கே?"

கீரந்தை முன்னால் வந்து வணங்கினான். குரலை எப்படியோ பிடித்து நிறுத்தினான்.

"தொடங்கிவிட்டது, மகாராஜா. அது முழவு" என்று பலாமரத்தைக் காட்டினான். "அதன் தோல் இப்போதைக்கு நின்று அசைபோடுகிறது. அந்த ஓரத்தில் இருப்பது குழல். மரம் அறுத்து, காயவைத்து, குடைய வேண்டும். ஆட்டக்காரர்கள் அடவு பழக வேண்டும். இரண்டு ஆண்டில் முதல் பாட்டு வந்துவிடும். விருந்தினர் அதுவரை பொறுத்தருள வேண்டும்."

"கேலி செய்கிறாயா?" ராஜா எழுந்தேவிட்டான். கை உடைவாளின் பிடிக்குப் போனது.

"பார்த்தீர்களா மகாராஜா, விருந்தினர் முன்னால் தங்களை அவமதிக்கிறான்! பிடியுங்கள் அவனை!" என்று மழவராயர் கத்தினார்.

வீரர்கள் இருவர் கீரந்தையின் தோளைப் பற்றினார்கள். ரம்பம் நின்றது. உலகம்மை உலையை விட்டு எழுந்து கீரந்தையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அடியேன் தங்கள் ஆணையில் ஓர் எழுத்தும் மீறவில்லை" என்றான் கீரந்தை. இப்போது குரல் நடுங்கியது. அவன் மறைக்கவும் இல்லை. "ஆடும் நாளுக்கு மட்டும் படி என்று எழுதியிருக்கிறது. இன்று அளந்த படிக்கு இன்றைய வேலை நடக்கிறது. நேற்றைய வேலைக்குத் தாங்கள் படி அளக்கவில்லை. அளக்காத வேலையை நான் எங்கிருந்து எடுத்துவந்து காட்டுவேன்?"

ராஜா வாயைத் திறந்தான். அதற்குள் வடகரை அரசர் தொண்டையைச் செருமினார்.

"நண்பரே, இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. இந்த இரண்டு மூன்று மாதமாக உங்கள் கரையிலிருந்து பரிசலுக்குப் பரிசல் கலைஞர்கள் வந்து இறங்குகிறார்கள். ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள், பொம்மை செய்கிறவர்கள். இத்தனை பெரிய பரிசை யார் அனுப்புகிறார்கள் என்று தெரியாமல் இருந்தேன். நன்றி சொல்லவும்தான் வந்தேன்." அவர் பின்னால் திரும்பினார். "இங்கே முழவு தயாராகும்வரை நம் ஆள் ஒருவன் வாசிக்கட்டுமே. சேந்தா!"

பரிவாரத்திலிருந்து சேந்தன் எழுந்து வந்தான். தலையை நிமிர்த்தவில்லை. விரல்களில் வீக்கம் பாதி வடிந்திருந்தது. புது முழவைக் கையால் தடவிவிட்டு மெல்லத் தொடங்கினான். இரண்டு இடத்தில் கை தடுக்கியது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்தான். பிறகு முழவு பேசத் தொடங்கியது. பத்து ஆண்டாகத் தன் திருவிழாவில் கேட்ட ஓசையை ராஜா அன்று இன்னொருவரின் விருந்தாளியாக இருந்து கேட்டான். சேந்தன் வாசித்து முடித்தபோது ராஜாவின் கை உடைவாளில் இல்லை.

"சேந்தா, நீ திரும்பி வருவாயா?"

சேந்தன் முதலில் வடகரை அரசரைப் பார்த்தான். அவர் 'சொல்' என்பதுபோல் தலையசைத்தார். "சாமி, அங்க வாசிக்காத நாளுக்கும் சோறு போடுறாங்க" என்றான் சேந்தன்.

ராஜா மழவராயர் பக்கம் திரும்பினான். "களஞ்சிய அதிகாரியாரே, இப்போது என்ன செய்வது?"

விருந்து கெட்டது, உடன்படிக்கை கெட்டது, எல்லாம் தம் தலையில் வந்து விடியப்போகிறது என்று மழவராயருக்குத் தெரிந்துவிட்டது. பதறிப்போய் உலகம்மையிடம் ஓடினார்.

"அம்மா, நூறு மூட்டை நெல் தருகிறேன்! இருநூறு! இந்த நொடியே வண்டி கட்டச் சொல்கிறேன். எல்லாவற்றையும் இன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள். மாலைக்குள் ஆடிவிடுங்கள்!"

உலகம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருநூறு மூட்டையையும் இன்னைக்கே தின்னுட்டு ஆடணும்னா, நானில்ல ஐயா, உங்க பட்டத்து யானையாலகூட எந்திரிச்சு நிக்க முடியாது."

முதலில் வடகரை அரசரின் மீசை துடித்தது. அவர் வெடித்துச் சிரித்தார். அடுத்து, அடக்கிப் பார்த்து முடியாமல், செங்கதிர்வர்மன் சிரித்தான். ஆசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரிப்பினூடே வீரர்களுக்குச் சைகை காட்டினான். அவர்கள் கீரந்தையின் தோளை விட்டார்கள். தாங்கிப் பிடித்திருந்தவர்கள் விட்டதும் கீரந்தை பலாமரத்தின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். அதற்கும் ஒரு சிரிப்பு.

"உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார் வடகரை அரசர். "ஒரு நிபந்தனை. வந்தவர்களில் விருப்பமில்லாதவர்களை நீங்கள் திருப்பிக் கேட்கக் கூடாது."

"கேட்கமாட்டேன். வரத் தோன்றும்படி செய்கிறேன்" என்றான் ராஜா.

பழைய ஓலை அங்கேயே உலையடுப்புக்குள் போனது. ராஜா தன் கழுத்து ஆரத்தைக் கழற்றிக் கீரந்தைக்குப் போட்டான். வேறென்ன வேண்டும் என்று கேட்டான்.

"மகாராஜா, கலைஞர்களுக்கு ஆண்டு முழுக்கப் படி. அந்த ஆணையை ஓலையில் வேண்டாம், கல்லில் வெட்டச் சொல்லுங்கள். நாளைக்குக் காலையில் வேறு யாராவது தங்கள் காதில் பேசுவார்கள்."

ராஜாவுக்கு அது குத்தியது. ஆனாலும் அன்று சிரிப்பு மிச்சம் இருந்ததால் அதையும் சிரித்தே ஏற்றுக்கொண்டான். மழவராயருக்கு வேலை போகவில்லை. மாதம் பிறந்தால் அவரே மூட்டையோடு கூத்தர் தெருவுக்குப் போய், அன்றைய சாதகம் முடியும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகுதான் படி அளக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. முதல் மாதம் கொட்டாவி விட்டார். நாலாம் மாதம் இடையில் யாரோ இருமியதற்கு அவர்மேல் எரிந்து விழுந்தார் என்று சொல்வார்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்களில் ஐந்து வீட்டார் திரும்பி வந்தார்கள். இரண்டு வீட்டார் வரவில்லை. சேந்தன் மழைக்காலம் முடிந்து, மகளுக்கு உடம்பு தேறிய பிறகு வந்தான்.

கீரந்தை அன்று ஆரத்தோடு வீட்டுக்குப் போனதும் நாச்சி ஆரத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள். இலை போட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு கீரந்தை மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவர்கள் அங்கே சுகமாக இருந்தார்கள். கேட்ட நாமும் சுகமாக இருப்போம்.